குரங்கெழுத்து

அந்த எழுத்துக்கு நான் வைத்த பெயர் சாரலெழுத்து. ஊர் வைத்த பெயர் குரங்கெழுத்து. எந்தப் பெயர் நின்றது என்று கேட்காதீர்கள். தென்காசியில் ஊர் ஒருவனுக்குப் பெயர் வைத்துவிட்டால், பெற்றோர் வைத்த பெயர் பத்திரத்தில் மட்டும்தான் இருக்கும். எழுத்துக்கும் அதே கதிதான். இன்றைக்கும் யாராவது என்னை நிறுத்தி, "அண்ணாச்சி, அந்தக் குரங்கெழுத்து வரைஞ்சது நீங்கதானே?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லி அலுத்துவிட்டது. இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன், அதற்கும் விளக்கம் கேட்கிறார்கள். ஒரேயடியாக எழுதிவைத்துவிட்டால் தொல்லை விட்டது.

குற்றாலம் போகிற ரோட்டில் எங்கள் பிரஸ் இருந்தது. பிரஸ் என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் மிஷின் ஒன்று, ஈய எழுத்துகள் அடுக்கிய பெட்டிகள், மிதிக்க ஓர் ஆள், மற்ற எல்லாவற்றுக்கும் நான். கல்யாணப் பத்திரிகைக்கும் ரசீதுக்கும் ஈய எழுத்து போதும். சுவரில் ஒட்டுகிற நோட்டீசுக்குப் பெரிய எழுத்து வேண்டும், அது மரத்தில்தான் கிடைக்கும். எங்களிடம் இருந்த மர எழுத்துகள் சென்னையிலிருந்து வந்தவை. ஒன்றுபோல ஒன்று, நெட்டுக்குத்தாக, தாலுகா கச்சேரி வாசலில் நிற்கிற சேவகன் மாதிரி விறைப்பாக இருக்கும். கோர்ட் ஏலம், ஜப்தி, வரி பாக்கி, இவற்றுக்கெல்லாம் அதுதான். நாடக நோட்டீசுக்கும் வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்தில் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனி முதலாளி ஒருவர் வந்தார். மதுரைப் பக்கத்து ஆள். நான் அடித்துக் கொடுத்த நோட்டீசைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"ஐயா, இதைப் பார்த்தா நாடகத்துக்கு வருவானா, வீட்டைப் பூட்டிட்டு ஓடுவானா?" என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேறு எழுத்து வரைந்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்னுடையது, அன்றைக்குத்தான் அது தொடங்கியது.

குரங்குகளைப் பார்த்து வரைந்தேன் என்று ஊரில் சொல்வார்கள். பொய். நான் பார்த்தது அருவிக்குள் நிற்கிற மனிதர்களை. மெயினருவியில் தண்ணீர் கனத்து விழும்போது உள்ளே போய் நின்று பாருங்கள், ஒருத்தனாவது நேராக நிற்கிறானா? ஒருத்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்வான். ஒருத்தன் ஒற்றைக் காலைத் தூக்குவான். தொந்திக்காரர் முதுகைக் கொடுத்துக் குனிவார். அடி வாங்கிக்கொண்டே எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நிலைகளைத்தான் எழுத்தாக்கினேன். 'க' கால் வழுக்கிப் பின்னால் சாயும். 'ழ' காலை நீட்டிப் பக்கத்து எழுத்தின் அடியில் விடும். 'ஐ' தோளைக் குலுக்கும். புள்ளிகள் தலைக்கு நேரே உட்காராமல் தெறித்த திவலை மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். ஒரு வரியில் 'க' இரண்டு தடவை வந்தால் இரண்டும் ஒரே மாதிரி சாயக்கூடாது என்று, அடிக்கடி வருகிற எழுத்துகளை இரண்டு விதமாக வரைந்தேன்.

செதுக்கிக் கொடுத்த ஆசாரி நல்ல மனிதர். மஞ்சக்கடம்புக் கட்டையில் நயமாக வேலை செய்வார். ஆனால் கோணல் என்றால் அவருக்கு ஆகாது.

"அண்ணாச்சி, இது சாஞ்சிருக்கு, கவனிச்சியளா? நேராக்கிரட்டுமா?" என்று ஒவ்வொரு கட்டைக்கும் கேட்பார்.

"சாஞ்சே இருக்கட்டும்" என்று ஒவ்வொரு கட்டைக்கும் சொன்னேன். எழுத்து முழுவதும் முடிகிறவரை எங்கள் இருவருக்கும் இடையே வேறு பேச்சு கிடையாது.

முதல் நோட்டீஸ் சுவரில் ஏறியதும் கூட்டம் நின்று பார்த்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள், தெரியாதவர்கள் படிக்காமலே சிரித்தார்கள். கொட்டகை நிரம்பியது. அதற்கப்புறம் நாடகம் என்றால் அந்த எழுத்துதான். கூடாரத்தில் படம் காட்டுகிறவன் வந்தான், சோடாக் கம்பெனிக்காரன் வந்தான், மூக்குப்பொடி மட்டைக்காரன் வந்தான், அல்வாக்கடைக்காரன் வந்தான். எல்லோருக்கும் குரங்கெழுத்து வேண்டும். நான் கூடவே வரைந்து வைத்திருந்த வேறு இரண்டு எழுத்துகளைக் காட்டினால் மரியாதைக்காகப் பார்த்துவிட்டு, "அதையே போட்டிருங்க" என்பார்கள். என் முகத்தைப் பார்த்தால் எவனும் சிரிக்கமாட்டான். அப்படிப்பட்டவன் வரைந்த எழுத்து ஊரையே சிரிக்கவைத்தது. அதற்காக நான் சந்தோஷப்பட்டது ஒன்றிரண்டு வருஷம்தான் இருக்கும். மற்ற வருஷமெல்லாம் அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தேன்.

அது எதற்கு ஆகாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. கடையநல்லூரிலிருந்து கைலி வியாபாரி ஒருவர் கைலியில் ஒட்டுகிற சீட்டு அடிக்க வந்தார். குரங்கெழுத்தில் மாதிரிச் சீட்டு ஒன்று அடித்துக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா 'சாயம் போகாது'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதே. எவன் நம்புவான்?" என்றார்.

அவருக்குப் பழைய சென்னை நெட்டெழுத்திலேயே அடித்துக் கொடுத்தேன். யூனியன் போர்டு தேர்தலுக்கு நின்ற ஒரு வக்கீலுக்கு அந்தப் புத்தி இல்லை. எல்லோரும் பார்க்கவேண்டும் என்று குரங்கெழுத்தில் தம் பெயரைப் போடச்சொன்னார். எல்லோரும் பார்த்தார்கள். பார்த்து, சிரித்து, எதிராளிக்கு ஓட்டுப் போட்டார்கள். அப்புறம் அவர் எங்கள் கொட்டகை இருந்த பக்கம் திரும்பாமலே நடப்பார்.

ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எழுத்துத் தெரியாதவர்கள் நோட்டீசைப் படிக்கமாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள். நெட்டெழுத்து சுவரில் ஏறினால் யாருக்கோ நிலம் போகிறது என்று அர்த்தம், அந்தத் தெருவிலேயே நிற்கமாட்டார்கள். குரங்கெழுத்து ஏறினால் அன்று சாயங்காலம் கூத்து உண்டு. மத்தியானமே போய்த் திடலில் பாயை விரித்து இடம் பிடித்துவிட வேண்டும். அப்படித்தான் எல்லோரும் பழகியிருந்தார்கள். பழக்கினவன் நான்.

அச்சன்புதூரில் கட்டிக்கொடுத்த என் தங்கையும் அப்படித்தான். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் இது அண்ணன் எழுத்து என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். மாப்பிள்ளை கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். வீட்டில் அவளும் ஒரு பெண்குழந்தையும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் மிச்சமில்லை. எங்கள் வீட்டில் மற்றவர்களை ஏற்கெனவே வாந்திபேதி கொண்டுபோயிருந்தது. அதனால் அந்த வருஷம் அச்சன்புதூரில் மறுபடி பேதி கண்டிருக்கிறது என்று சந்தைக்கு வந்த வண்டிக்காரன் சொன்னபோது, எனக்குக் கையில் பிடித்த வேலை ஓடவில்லை.

ஊசி போட்டுக்கொண்டால் தப்பலாம் என்று ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. கொஞ்ச வயசு. நம்மிடம்தான் நோட்டீஸ் அடித்தார். சர்க்கார் விஷயம் என்பதால் நானும் யோசிக்காமல் நெட்டெழுத்தில் அடித்துக் கொடுத்தேன். அச்சன்புதூர்ச் சாவடியில் ஒட்டினார்கள். ஊர் கதவடைத்துக்கொண்டது. வந்தது இரண்டு பேர், அவர்களும் எந்த வயல் ஏலத்துக்கு வருகிறது என்று கேட்க வந்தவர்கள்.

நானே நேரில் போனேன். தங்கை காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். அப்புறம் மாட்டேன் என்றாள்.

"அம்மன் இறங்கியிருக்குத நேரத்துல ஊசி குத்தினா அவ கோவிச்சுக்கிட மாட்டாளா? மேலத்தெருவுல ஒருத்திக்குக் குத்தி, கை தூணாட்டம் வீங்கிப்போச்சாம்."

"கைதானே வீங்கும். உசுரு போவாதுல்லா."

"நீ பேசாம இருண்ணே. வேப்பிலை கட்டியாச்சு, கூழ் ஊத்தியாச்சு. எல்லாம் அவ பார்த்துக்கிடுவா."

குழந்தை என் மடியில் உட்கார்ந்து மேல்துண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நான் கோபப்பட்டேன், கெஞ்சினேன், நம் வீட்டில் யார் யார் எப்படிப் போனார்கள் என்று சொல்லி அவளை அழவைத்தேன். அழுதாளே தவிர அசையவில்லை. எங்கள் வீட்டுப் பிடிவாதம் முழுவதும் அவள் பங்குக்குப் போயிருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு வீட்டில் அன்று காலையில்தான் ஒரு கிழவரைத் தூக்கியிருந்தார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பிரஸ்சுக்கு வந்தார். கையில் ஒரு சோடா பாட்டில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"இந்த எழுத்துல அடிச்சுக் குடுங்க. வருவாங்கன்னு சொல்றாங்க."

"இது நாடக எழுத்து, சார்."

"நாடகம்னு எழுதச் சொல்லலையே. ஊசின்னுதான் எழுதுங்க. ஒரு வார்த்தை பொய் வேண்டாம்."

"படிக்கத் தெரியாதவன் என்ன நினைப்பான்?"

அவர் சோடா பாட்டிலைப் பலகையில் வைத்தார். பிறகு, "உங்களுக்கு அந்த ஊர்ல யாராவது இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அன்று மத்தியானமே எழுத்துக் கோத்தேன். 'வாந்திபேதி ஊசி. சனிக்கிழமை சாயங்காலம். கோவில் திடல். இலவசம். எல்லோரும் வருக.' அவ்வளவுதான் வாசகம். 'வா' வழுக்கியது, 'ஊ' தொந்தியைத் தள்ளியது, 'ழ' காலை நீட்டியது. அச்சேறி வந்த முதல் தாளைப் பார்த்துவிட்டு, மிஷின் மிதிக்கிற ஆள் வழக்கம்போலச் சிரிக்கப் போய், வாசகத்தைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டான். நாடகத்துக்குச் செய்வதுபோலக் கொட்டடித்து வண்டியில் போய் விநியோகிக்கலாமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அது மட்டும் வேண்டாம் என்றேன். எனக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று எனக்கே காட்டிக்கொள்ள அது உதவியது. ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. ஊர்க் கணக்கப்பிள்ளை அவர்களைக் கூப்பிட்டு வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை நான் போய்ச் சேருவதற்குள் திடலில் பாய்கள் விரித்தாகிவிட்டது. பேதி வந்த ஊரில் வாரக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அடைந்து கிடந்த ஜனங்கள், எப்படியாவது கொஞ்சம் சிரித்துவிட்டு வரலாம் என்று வந்திருந்தார்கள். வெள்ளைத்துணி போட்ட மேஜையையும் காஸ் விளக்கையும் பார்த்துவிட்டு, மேஜிக் காட்டப் போகிறான் என்று யாரோ பேசிக்கொண்டார்கள். என் தங்கை முதல் வரிசையில் இருந்தாள். தலையில் பிச்சிப்பூ, மடியில் குழந்தை, பக்கத்தில் முறுக்குப் பொட்டலம். சுற்றி அவள் தெருவே உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து பக்கத்திலிருந்தவளிடம், "சொன்னேம்லா, எங்க அண்ணன் எழுத்துன்னு. பாரு, அவனே வந்திருக்கான்" என்றாள். வீடு வீடாகப் போய் எல்லோரையும் அவள்தான் கூட்டி வந்திருக்கிறாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் ஏறி விஷயத்தைச் சொன்னார். முதலில் அதையும் பபூன் வேஷம் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவரோடு வந்திருந்த டாக்டர் ஊசியை விளக்கில் காட்டியதும் சிரிப்பு நின்றது. பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

தங்கை எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நாடகம் இல்லியா?"

"இல்லட்டி."

"நீயா எழுதின?"

"நாந்தான்."

நான் குழந்தையை அவள் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு மேஜைக்குப் போய், அதன் கையைப் பிடித்து நீட்டினேன். குழந்தை வீறிட்டது. அதற்குப் பின் தங்கை எழுந்து வந்தாள். எல்லோர் முன்னாலும் அண்ணனை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாளோ, குழந்தைக்கு ஆனது தனக்கும் ஆகட்டும் என்று நினைத்தாளோ, தெரியாது. கையை நீட்டினாள். முகத்தை என் பக்கம் திருப்பவேயில்லை. அவள் போட்டுக்கொண்டதைப் பார்த்து அவள் தெருக்காரர்கள் பலரும் முனகிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். மற்றவர்கள் எங்களை ஏசிவிட்டுப் போய்விட்டார்கள். ஏச்சில் என் அம்மாவையும் விடவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. அந்தக் காய்ச்சலோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒங்க அண்ணன் எழுத்துன்னு கூட்டிட்டுப் போயிக் குத்த வச்சிட்டியே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஊசி போட்டுக்கொள்ளாமல் போனவர்கள் வீடுகளில் சாவு விழுந்தது. போட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவன் எதற்காக நன்றி சொல்வான்? பேதி வராதவனுக்குப் பேதி வந்திருக்கும் என்று எப்படித் தெரியும்? கை வீங்கினதுதான் தெரியும். அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர் வைத்தார்கள். கிணற்றடியில், வயலில், கோவிலில், எங்கே போனாலும் அதுதான் பெயர்.

எழுத்தும் அந்த ஊரில் அன்றோடு செத்தது. அடுத்த நாடகத்துக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். திடலில் ஒரு பாய்கூட விழவில்லை. கம்பெனிக்காரர் வந்து என்னோடு சண்டை பிடித்தார். பேச்சு ஊருக்கு ஊர் பரவியது. சோடா பாட்டிலைக் கண்டாலே சின்னப்பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறார்கள் என்று சோடாக் கம்பெனிக்காரன் புலம்பினான். சாப்பிட மறுக்கிற பிள்ளைகளிடம், "குரங்கெழுத்து வருது பாரு" என்று பயங்காட்டினார்கள். நான் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. 'க' அப்படியேதான் வழுக்கியது, 'ழ' அப்படியேதான் காலை நீட்டியது. பார்க்கிறவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கடைசியில் கட்டைகளைக் கோணிப்பையில் போட்டு வீட்டு மச்சில் ஏற்றிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

தங்கை என்னோடு பேசாமல் இருக்கவில்லை. தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்குச் சீர் வாங்கிக்கொள்வாள், நான் போனால் காப்பி போடுவாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன். அதனால் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வழியில்லை.

யுத்தம் வந்தது. காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. வைக்கோல் நிறத்தில் ஒரு காகிதம் வரும், மசியைக் குடித்துவிடும். அதற்குள் அந்தக் குழந்தை கல்யாண வயசுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை செங்கோட்டையில் பார்த்தார்கள், நானும் போய்ப் பேசி முடித்தேன். யுத்தத்துக்கு முன்னால் வாங்கின வழவழப்பான தாள் ஒரு கட்டு என்னிடம் இருந்தது. எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல் அவள் கல்யாணப் பத்திரிகைக்கென்று வைத்திருந்தேன். தாய்மாமன் நான், அச்சடிக்கிறவனும் நான், வேறு யார் செய்வார்கள்? பழைய ஈய எழுத்திலேயே தேய்ந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்து, நல்லவற்றைத் துடைத்து வைத்திருந்தேன். வாசகத்துக்காகக் காத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் தங்கை வெற்றிலை பாக்குத் தட்டோடு பிரஸ்சுக்கு வந்தாள். தட்டில் பத்திரிகைகள் இருந்தன. திருநெல்வேலியில் அடித்தது. மங்கின காகிதம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு என்று என் கையில் கொடுத்து, காலில் விழுந்து கும்பிட்டாள்.

நான் அதைப் படித்தேன். என் பெயர் போடவேண்டிய இடத்தில் சரியாகப் போட்டிருந்தது. அடியில், பொடி எழுத்தில், அந்த அச்சாபீசின் பெயர் இருந்தது. அச்சடித்தவன் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்பது சட்டம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேட்டி" என்றேன்.

அவள் தட்டை மிஷின் பக்கத்துப் பலகையில் வைத்தாள்.

"இந்தப் பிள்ள உசுரோட இருக்கது உன்னாலதாண்ணே. அது எனக்குத் தெரியாதுன்னு நினைக்கியா? சாமி கும்பிடும்போதெல்லாம் நினைச்சுக்கிடுதேன். ஆனா அடியில உன் பிரஸ் பேரு இருந்தா எங்க ஊருல ஒருத்தரும் வரமாட்டாவ. கல்யாணம்னு கூப்பிட்டு என்னத்தக் குத்தப் போறாவளோம்பாவ. பொம்பளப்பிள்ள கல்யாணத்துல பந்தி காலியாக் கெடந்தா நான் சம்பந்திக்கு முன்னால எங்கன கொண்டு முகத்த வைக்க?"

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். குங்குமச் சிமிழை எடுத்து என் முன்னால் நீட்டினாள், நான் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன். இன்னும் கடைத்தெருவில் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கல்யாணத்துக்கு அச்சன்புதூரே வந்திருந்தது. பந்தியில் இடமில்லாமல் ஜனங்கள் இலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். தாய்மாமன் செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.